தூளியில் படுத்த பூசணிக்காய்

ராசிபுரம்,
கார்த்திகை மாதம், 1938

மகாராஜராஜஸ்ரீ மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் கந்தவேல் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் பாவாயியும் சுகம். வீட்டில் மற்றதெல்லாம் தங்கள் புண்ணியம்.

டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கும் தாங்கள் போன மாதம் வந்தபோது, குழந்தையைத் தூளியில் ஆட்டக்கூடாது, விழித்திருக்கும்போதே பாயில் விட்டு விலகினால் தானே தூங்கப் பழகும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினீர்கள். வீரபாகுவுக்கு ரெண்டு வயசு. அவன் தூளிக் கயிற்றைத் தறிப் பலகையில் முடிந்து வைத்திருந்தேன். நூலை இறுக்கப் பலகையை இழுத்து அடிக்கும்போதெல்லாம் தூளி ஆடும், பயல் தூங்குவான், தங்கள் மகளின் முகூர்த்தப் பட்டும் வளரும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் பெண் கொடுத்த வீட்டுச் சொல்லாயிற்றே என்று கயிற்றை அவிழ்த்தேன்.

அன்று மத்தியானம் பயல் போட்ட கூச்சலில், தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தவர்கள் நூலை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"ஏனுங்க, புள்ளைக்கு என்னாச்சுங்க?" என்றாள் பக்கத்து வீட்டு ராமாத்தாள்.

"தூங்கப் பழகுறானுங்க."

"இதுக்குப் பேரு தூக்கமுங்களா?" என்றவள், போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பயலுக்குத் துணையாகப் பாவாயியும் அழுதாள். தினமும் இதே கச்சேரி. கடைசியில் ஒரு மத்தியானம், கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு பாயில் தானாகவே தூங்கிப்போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்களை மனதாரக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கையோடு தறியில் உட்கார்ந்தால், அங்கே வேறு வினை. பயலின் பாரத்தோடு அடித்துப் பழகிய கை. பாரம் போனதும் பலகை பாய்ந்து விழுகிறது, நெசவு தகரம்போல் இறுகுகிறது. இப்படிப் போனால் குறுக்கே ஓட்டும் ஊடைப் பட்டு பாதியிலேயே தீர்ந்துவிடும். கல்யாணப் பெண் ஒரு சுற்றுக் குறைவாகக் கட்டிக்கொண்டு மணவறையில் நிற்க வேண்டியதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து, பயல் எடைக்கு ஒரு பூசணிக்காய் வாங்கித் தூளியில் போட்டுக் கயிற்றை முடிந்தேன். நெசவு சரியாகிவிட்டது. பழக்கதோஷத்தில் பாவாயி பூசணிக்காய்க்குத் தாலாட்டுப் பாடுகிறாள். அதை ராமாத்தாள் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. போகட்டும், பயல் தனியாகத் தூங்குகிறான். எல்லாம் தங்கள் யோசனை.

மணப்பெண்ணுக்கு எங்கள் ஆசீர்வாதம். மற்றவர்களுக்கு அவரவர் வயதுக்குத் தக்கபடி கும்பிடும் முத்தமும்.

இப்படிக்கு,
கந்தவேல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் வீரபாகு எழுந்து வந்து, தன் இடத்தில் பூசணிக்காய் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டான். "எந்தூளி, எந்தூளி" என்று வீட்டை இரண்டாக்கினான். காயை இறக்கி அவனைப் போட்டேன்; உடனே தூங்கிவிட்டான். பட்டு முகூர்த்தத்துக்கு முன்னால் வந்து சேரும். தாங்கள் சொன்னபடி பாயில் தனியாகத் தூங்குவது இப்போது பூசணிக்காய் ஒன்றுதான். அது அழுவதே இல்லை.