எட்டு இதயமும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும்

"வேண்டாம், எனக்குப் படிக்க வேண்டும்" என்ற வரியை அழுத்திய பிறகுதான், கேள்வி தன்னைப் பார்த்துக் கேட்கப்பட்டதல்ல என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கு உறைத்தது.

கேட்டவன் ஒரு பொம்மைப் பையன். உள்ளங்கை அகலத் திரையில், நெற்றி முடி ஒரு கண்ணை மறைக்க, கையை நீட்டிக்கொண்டு நின்றான். "விழாவில் என்னுடன் நடனமாடுவாயா?" என்பது அவன் கேள்வி. பதில் போனதும் நீட்டிய கை கீழே இறங்கியது. அவன் தலைக்கு மேல் வரிசையாக இருந்த எட்டு சிவப்பு இதயங்களில் ஐந்து ஒவ்வொன்றாக உடைந்து விழுந்தன.

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்று காலை பள்ளி முகாமுக்குக் கிளம்பும்போது மகள் சொன்னது ஒரே ஒரு வேலை. "அப்பா, இந்த கேமுக்கு சார்ஜ் மட்டும் போட்டு வைங்க. வேற ஒண்ணையும் தொட்டுடாதீங்க, ப்ளீஸ்." நான்கு நாள் முகாம். இந்த மாதிரிச் சாமான்களுக்கு அங்கே அனுமதி இல்லை. பதின்மூன்று வயதானதிலிருந்து அவள் அப்பாவிடம் நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அதுதான். அவர் அதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொள்ளாத குறை.

சார்ஜ் போட்டதோடு நின்றிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருடத் தொழில் பழக்கம் யாரை விட்டது? மினுக்குகிற விளக்கை அப்படியே விட்டு நகரக் கூடாது என்பது லிஃப்ட் தொழிலில் முதல் பாடம். மின்சாரம் ஏறியதும் திரை தானாக விழித்துக்கொண்டு, கேள்விக்குக் கீழே ஒரு அம்புக்குறி மினுக்கியது. பதில்கள் மூன்று இருந்தன: "சம்மதம்", "யோசித்துச் சொல்கிறேன்", "வேண்டாம், எனக்குப் படிக்க வேண்டும்". பெண்ணைப் பெற்ற எந்தத் தகப்பன் மூன்றாவதை விட்டுவிட்டு மற்றதைத் தொடுவான்?

அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். உடைந்த இதயம் உடைந்தபடியே இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "174ஆம் நாள். விழாவுக்கு இன்னும் ஆறு நாட்கள்."

நூற்று எழுபத்து நாலு நாள்! கிட்டத்தட்ட ஆறு மாதம் குழந்தை பாடுபட்டு வளர்த்ததை ஒரே பொத்தானில் கவிழ்த்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னங்க, சார்ஜ் ஏறிடுச்சா?" மனைவி வாசற்படியில் நின்றாள். மருந்துக்கடைக் கவுண்டரில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

அவர் கருவியைத் தொடைக்குக் கீழே தள்ளினார். "இன்னும் இல்லம்மா. மெதுவாத்தான் ஏறுது."

"கொடுங்க, நான் எடுத்து வைக்கிறேன்."

"வேணாம், வேணாம். ஒயர்ல ஏதோ கோளாறு. நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரைப் பார்ப்பது போல அவள் அவரைப் பார்த்தாள். "எதையாவது கழட்டி வெச்சிடாதீங்க. அவ வந்தா கேப்பா" என்றாள். குரலில் தேவைக்கு மேல் சூடு இருந்தது.

மறுநாள் காலை, லிஃப்ட் கம்பெனிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சர்வீஸ் அறையில் அவர் முதலில் போய் நின்றது டெலிபோன் அக்காவின் மேசைக்கு முன்னால். லிஃப்ட் எங்கே நின்றாலும் முதல் அழைப்பு வருவது அக்காவுக்குத்தான். இரண்டு பெண்களை வளர்த்தவர். இந்த மாதிரி ஆட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"இது லேசுதான், தம்பி" என்றார் அக்கா, திரையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "ஆட்டத்துல வர்ற இந்தப் பொண்ணு பகல்ல டான்ஸ் கத்துக்கணும். சாயங்காலம் யார்கிட்டயாவது போய்ப் பேசணும். யாருக்குப் பத்து இதயம் வருதோ அவன் விழாவுக்கு ஜோடி. ஒருத்தனுக்கும் வரலைன்னா, அத்தனை பேர் ஆடுறப்போ இது மட்டும் சுவர் ஓரமா நிக்கும். அதோட ஆட்டம் முடிஞ்சது."

"சுவர் ஓரமாவா?" மெக்கானிக்குக்குத் தன் மகளே அங்கே நிற்பதாகத் தோன்றியது. "மொத்தம் எத்தனை பையனுங்க, அக்கா?"

"நாலு பேர். இந்த முடிக்காரன் கூப்பிடாமலே வருவான், எல்லார் ஆட்டத்துலயும் முன்னாடி வந்து நிப்பான், ஒண்ணும் பண்ணாமலே மெல்ல மெல்ல அவனுக்கு இதயம் ஏறிடும். அப்புறம் குதிரைக்காரன், பாட்டுக்காரன். நாலாவதா மேடையில லைட்டு மாட்டுற பையன் ஒருத்தன் உண்டு. அவனை விட்டுத் தள்ளுங்க. வாயைத் திறக்கவே மாட்டான். என் பொண்ணுங்க ரெண்டு பேரும் முயற்சி பண்ணி ஓஞ்சுட்டாங்க."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"முடிக்காரனுக்குப் பூ கொடுத்து அனுப்புங்க. உச்சி குளிர்ந்துடும்."

இதற்குள் டெலிபோன் அடித்தது. அக்கா பேசி முடிப்பதற்குள் மெக்கானிக் ஆட்டத்துக்குள்ளேயே பூவை வாங்கி, கண்ணில் பட்ட முதல் கதவைத் தட்டி, நீட்டியும்விட்டார். அது லாயத்தின் கதவு. குதிரைக்காரன் பூவை வாங்கி முகர்ந்தான். அவன் தலைக்கு மேல் நாலு இதயம் முளைத்தது.

அடுத்த ஆட்ட நாளில் நீரூற்று அருகே முடிக்காரன், குதிரைக்காரன் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். "யாருடன் பேசப் போகிறாய்?" என்று கேட்டது திரை.

மெக்கானிக் யோசிக்கவே இல்லை. தொழிலில் இதற்கு விதி இருக்கிறது. எந்த அழைப்பு முதலில் வந்ததோ, அங்கேதான் முதலில் போக வேண்டும். திரைக்குள் முதலில் நுழைந்தது குதிரைக்காரன். அவனை அழுத்தினார். முடிக்காரனின் மீதி மூன்று இதயமும் பொலபொலவென்று கொட்டின.

"அடப்பாவி தம்பி!" என்றார் அக்கா. "சரி, போனது போகட்டும். குதிரைக்காரனையே கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

குதிரைக்காரன், "என் குதிரையில் ஏறிக்கொள், மலை வரை போய் வரலாம்" என்றான்.

கைப்பிடி இல்லை. கதவு இல்லை. எத்தனை பேர் ஏறலாம் என்று எங்கேயும் எழுதி ஒட்டவும் இல்லை. மெக்கானிக் "ஏற மாட்டேன்" என்பதை அழுத்தினார். குதிரை மட்டும் மலைக்குப் போயிற்று.

மீதி இருந்தது பாட்டுக்காரன். அவனுக்கு நடனத்தில் நல்ல மதிப்பெண் எடுப்பவளைத்தான் பிடிக்கும். திரையில் அம்புகள் விழ விழ, தாளத்துக்குச் சரியாகப் பொத்தானை அழுத்த வேண்டும். மெக்கானிக்கின் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று பொத்தானை மூடியது.

அன்று மதியம், வேலைக்குப் போன ஒரு கட்டடத்தில் ஒன்பதாவது மாடிக்கு மேலே, லிஃப்ட் மோட்டார் அறையில், அவரோடு கிரீஸ் போடும் கூட்டாளி உதவிக்கு வந்தார். ஆள் பெருத்த சரீரம். மனசு அதைவிடப் பெரிசு. "அண்ணே, தாளத்தை நான் பார்த்துக்கிறேன். நீங்க விரலை மட்டும் பாருங்க" என்று ஸ்பேனரால் இரும்புத் தூணில் தட்டினார். தாளம் காலில் இறங்கினால்தான் கையில் வரும் என்று யாரோ சொன்னது நினைவு வந்து, இருவரும் எழுந்து நின்று குதித்தார்கள்.

பத்தாவது நிமிடம் மெக்கானிக்கின் போன் அடித்தது. அக்கா.

"தம்பி, உடனே அந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்குப் போங்க. மேல மோட்டார் ரூம்ல ஏதோ பயங்கரமா இடிக்குதாம். குடியிருக்கிறவங்க லிஃப்ட்ல ஏறவே பயப்படுறாங்க."

"அக்கா" என்றார் மெக்கானிக், மூச்சு வாங்க. "அது நாங்கதான்."

நூற்றுக்குப் பதினொரு மதிப்பெண் வந்தது. பாட்டுக்காரன் பிரிவுப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டுப் போய்விட்டான். நாலு பேரில் மூன்று பேரைத் துரத்தியாகிவிட்டது. விழாவுக்கு இரண்டே நாள் பாக்கி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருக்கிறோம். இவர் மூன்று கிணறு வெட்டியிருந்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால், மனைவி சோபா மெத்தைகளை எல்லாம் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடுறே?"

"ஒண்ணுமில்ல. ஒயர் சரியாச்சா?"

"நாளைக்கு ஆயிடும்." துப்புத் துலக்குகிறாளோ என்று அவருக்கு உள்ளூர உதைத்தது. ஆனாலும் கேட்க வேறு ஆள் இல்லை. "ஏம்மா, வேலையில ஒருத்தர் இருக்காரு. யார்கிட்டயும் பேசவே மாட்டாரு. அப்படிப்பட்ட ஆள்கிட்ட எப்படிப் பழகுறது?"

மனைவி ஒரு மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்ககிட்ட பதினஞ்சு வருஷமாப் பழகுற என்னைக் கேக்குறீங்களா?"

"சும்மா சொல்லும்மா."

"பேச வெக்கணும்னு நினைக்கிறதுதாங்க தப்பு. அந்த ஆளோட வேலையில கூடமாட நில்லுங்க. வாயைத் திறக்காம நில்லுங்க. உங்களுக்குத்தான் அது கைவந்த கலையாச்சே. எனக்குத்தான் தெரிஞ்சும் வர்றதில்ல."

சனிக்கிழமை தேநீர் இடைவேளையில், அக்கா, கிரீஸ்காரர், மெக்கானிக் மூன்று பேரின் தலையும் ஒரே சின்னத் திரைக்கு மேல் கவிந்தன. விழா மண்டபம் இருட்டாக இருந்தது. ஏணி உச்சியில் லைட்டுப் பையன் நின்றிருந்தான். தலைக்கு மேல் ஒரு இதயம்கூட இல்லை.

பதில்கள் மூன்று வந்தன. "நீ எவ்வளவு தைரியசாலி!" "உன்னைப் பற்றிச் சொல்லேன்." "ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்."

"ரெண்டாவது, ரெண்டாவது" என்றார் அக்கா. "பொண்ணுங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

"அக்கா, ஏணியில ஒருத்தன் நிக்கிறான். கீழ பிடிக்க ஆள் இல்ல" என்றார் மெக்கானிக். அவர் குரல் மாறியிருந்தது. மூன்றாவதை அழுத்தினார்.

பையன் கீழே குனிந்து பார்த்தான். "ம்" என்றான். ஒரே மூச்சில் மூன்று இதயம் வந்தது.

அக்கா வாயில் வைத்த தேநீரை விழுங்க மறந்தார்.

அதன் பிறகு மெக்கானிக் யாரையும் கேட்கவில்லை. "மாற்று பல்பைத் துடைத்துக் கொடு." கொடுத்தார். "ஏன் பேச மாட்டேன் என்கிறாய்?" தாண்டிப் போனார். "ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நில்." நின்றார். அடுத்த ஆட்ட நாளும் போய் அதே ஏணியைப் பிடித்தார். இதயம் ஏழாயிற்று, ஒன்பதாயிற்று. மண்டபத்துக் கடைசி விளக்கு எரிந்தபோது பத்தாவதும் ஏறியது.

விழாவன்று, அத்தனை பேரும் ஜோடி ஜோடியாக நிற்க, லைட்டுப் பையன் எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஏணியிலிருந்து இறங்கி வந்து கை நீட்டினான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெக்கானிக் "சம்மதம்" என்பதை அழுத்தினார். கட்டைவிரல் அகலத்தில் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கியது; நல்லவேளை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கிரீஸ்காரர் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கிரீஸ் ஆயிற்று. "நல்ல பையன், அண்ணே. நம்ம பொண்ணைச் சுவர் ஓரமா நிக்க வெக்கல."

மெக்கானிக்குக்கு அந்தப் பொம்மைப் பையன் மேல் சொல்ல முடியாத நன்றி பொங்கியது. அக்கா மேலும், கிரீஸ்காரர் மேலும் அப்படித்தான். தன் வேலையை விட்டுவிட்டு, இன்னொருத்தன் பிள்ளையின் பொம்மைக்காகக் குதிக்கிற மனிதர்கள் எத்தனை பேருக்கு வாய்ப்பார்கள்? அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இரண்டு பேருக்கும் இன்னொரு தேநீர் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அவர்களும் ஒன்றும் கேட்காமல் குடித்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார்: "நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். சரியா வந்துடுச்சு. ரொம்ப நன்றிம்மா."

அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே."

ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. மகள் எட்டு இதயம் வரை வளர்த்தது முடிக்காரனை. கடைசியில் அவர் அவளை ஆட வைத்திருப்பது யாரோ ஒரு லைட்டுக்காரனோடு. ஞாயிறு மாலை, முதுகுப் பையைக் கூட இறக்காமல் உள்ளே வந்தவளிடம், கருவியை இரண்டு கையாலும் நீட்டினார். மனைவி சமையலறையில் இருந்தாள்.

"அப்பாவை மன்னிச்சிடும்மா. தொடாதேன்னு சொன்னே, தொட்டுட்டேன். நீ ஆறு மாசம் பாடுபட்ட பையனை முதல் நாளே விரட்டிட்டேன். எவ்வளவோ முயற்சி பண்ணினேன், அவன் திரும்பி வரல. கடைசியில இவன்தான் கிடைச்சான். பெரிய அழகன் இல்லைதான். ஆனா கைவிட மாட்டான், கண்ணு."

மகள் திரையைப் பார்த்தாள். எண்ணெய்க் கறைச் சட்டைக்காரன் விளக்குகளுக்குக் கீழே அந்தப் பெண்ணைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தான். அவள் கண்கள் விரிந்தன. உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்து மெக்கானிக் கைக்குட்டையைத் தேடினார்.

அவள் அழவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்:

"அம்மா, ஓடி வாங்க! உங்க ஆட்டத்தை அப்பா ஆடி முடிச்சுட்டாரு! ஆறு மாசமா நீங்க அந்த முடிக்காரனைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, தவங்கிடந்தும் கிடைக்காத லைட்டுக்காரன், அப்பா போய் நின்னதும் இறங்கி வந்துட்டான்!"