கடவாய் அண்ணன் கடித்த மிட்டாய்

பிறந்ததிலிருந்து ஒரு மிட்டாயைக்கூடக் கடிக்காத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் பழவேற்காட்டு ஏரியில் பயணிகள் படகு ஓட்டிய கடவாய் அண்ணன். காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது ஓர் ஆரஞ்சு மிட்டாயைக் கடைவாயில் ஒதுக்குவார். அது கரைந்து முடிவதற்குள் அடுத்தது உள்ளே போய்விடும். சாயங்காலம் படகைக் கட்டுகிற வரைக்கும் அந்தக் கன்னம் வற்றி யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் எங்கோ இருந்தது. ஏரி முழுக்க அவர் கடவாய்தான்.

நான் அப்போது அந்தப் பக்கத்துக்கு நர்ஸ். ஊசி மருந்துப் பெட்டியோடு பசியாவரத்துக்கும் அதையடுத்த தீவு ஊர்களுக்கும் அவர் படகில்தான் போய் வருவேன். ஏறி உட்கார்ந்ததுமே எனக்கும் ஒரு மிட்டாய் நீட்டுவார். இவ்வளவு தின்றால் சர்க்கரை வந்துவிடும் அண்ணா என்று ஒருநாள் சொன்னேன். அன்றுதான் அவருடைய தத்துவம் எனக்குத் தெரிந்தது.

"கடிச்சாதான் நர்சம்மா அது சக்கரை. சப்புனா வெறும் எச்சி. எச்சில இன்னா கீது?"

அவர் மனைவி அமுலு இறால் தடவுகிறவர். இடுப்பளவு தண்ணீரில் ஓலையால் முடைந்த பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார். நாளெல்லாம் வாயில் பறி இருப்பதால் பேச்சு குறைவு. பறியை இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. அந்த அமுலுதான் ஒருநாள் புருஷனைக் கையைப் பிடித்து என்னிடம் இழுத்து வந்தார். படகைத் தள்ளும்போது ஏதோ சிப்பி கிழித்து அவர் கால் விரலில் ஒரு காயம். வாரக்கணக்கில் ஆறாமல் ஈரமாகவே இருந்தது.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை முந்நூறுக்கு மேல் காட்டியது. கடவாய் அண்ணன் அசரவில்லை. உப்புக்காற்று பட்டு மிஷின் கெட்டுப்போயிருக்கும் என்றார். என் விரலில் குத்திக் காட்டினேன், சரியாக இருந்தது. அமுலுவுக்கும் சரியாக இருந்தது. பொம்பளைகளுக்கு மட்டும் சரியாகக் காட்டுகிற மிஷின் என்று முடிவுசெய்தார். கடைசியில், ஒரு மிட்டாயைக் கடிக்காமல் சப்பி முடிக்கச் சொல்லி, அரைமணி கழித்து மறுபடி குத்தினேன். எண் இன்னும் மேலே ஏறியிருந்தது. கடித்தாலும் சப்பினாலும் மிட்டாய் முழுக்கச் சர்க்கரைதான், அது வயிற்றில் தங்காமல் நேரே ரத்தத்துக்குப் போய்விடும், நீங்கள் நாள் முழுக்கச் சப்புவதால் ரத்தத்தில் சர்க்கரை இறங்க நேரமே கிடைப்பதில்லை என்று விளக்கினேன். அவர் மிஷினையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், கூடவே இருந்து காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல.

ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து மிட்டாயை நிறுத்தச் சொன்னார். அண்ணனும் நிறுத்தினார். அடுத்த வாரம் கன்னம் இன்னும் பெரிதாக இருந்தது. உள்ளே பனைவெல்லம். இது சர்க்கரை இல்லை, பனைமரம் என்று எனக்கே பாடம் நடத்தினார். ரத்தம் நிறம் பார்ப்பதில்லை அண்ணா, வெல்லமும் அதே வேலையைத்தான் செய்யும் என்றேன். நம்பவில்லை. மறுபரிசோதனையில் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். வெளியே வந்ததும் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு அந்த விரலை ஆட்டிப் பார்த்தார். பக்கத்தில் அமுலு அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருதடவைதான்.

அன்றைக்கு மாறினார் மனிதர். ஆனால் அளவோடு மாறத் தெரியவில்லை. கடைவாய்க்குப் பழக்கம் விட வேண்டுமே என்று நான் யோசனை சொன்னேன். செங்காயாக ஒரு துண்டு கொய்யா, கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை, அதுவும் முடிந்தால் ஓர் ஏலக்காய். கடைவாய் காலியாக இருந்தால் எஞ்சின் சத்தம் சரியாகக் கேட்பதில்லை என்று புலம்பியபடியே கொய்யாத்துண்டை ஒதுக்கிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். படகில் ஏறுகிறவர்களின் பையை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார். கல்யாண வீட்டு லட்டோடு வந்தவரை ஏற்றவே மாட்டேன் என்று கரையிலேயே விட்டுவிட்டுப் போனார். வீட்டில் சர்க்கரை டப்பாவை ஏரியில் கவிழ்த்துவிட்டார். சர்க்கரை இல்லாத டீயை அமுலு எந்த முகத்தோடு குடித்தார் என்பதை நான் எழுத முடியாது.

வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. படகில் நானும் அமுலுவும் மட்டும். பாதி ஏரியில் படகு நேரே போகாமல் வட்டமடிக்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால், அந்தக் குளிரில் அண்ணனுக்குச் சட்டை நனைந்து வேர்வை. கை நடுங்குகிறது. என்னவென்று கேட்டதற்கு, என் படகு, என் இஷ்டத்துக்குச் சுத்துவேன் என்று எரிந்து விழுந்தார். என்னிடம் அவர் அப்படிப் பேசியதே கிடையாது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று அமுலுவிடம் கேட்டேன். ஒன்றுமில்லை; சாப்பிடாவிட்டால் சர்க்கரை சீக்கிரம் இறங்கும் என்று சொல்லி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்தாராம்.

சர்க்கரை இறங்கித்தான் இருந்தது, ஆளையே இறக்குகிற அளவுக்கு. என் பெட்டியில் குளுக்கோஸ் தீர்ந்துபோயிருந்தது. அமுலு பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார். உடனே இனிப்பு ஏதாவது வேண்டும் என்று நான் சொன்னதும் ஒரு நொடி தயங்கினார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இடுப்பிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஆரஞ்சு மிட்டாய்கள். புருஷனுக்குத் தெரியாமல் அவர் சேற்றில் நின்று தின்றுவந்த மிட்டாய்கள்.

"அண்ணா, இந்தாங்க, சீக்கிரம்."

அவர் வாயை இறுக்கிக்கொண்டார். "நீதான வேணான்ன?"

"இப்ப நான்தான் தின்னச் சொல்றேன். சப்பாதீங்க, கடிங்க."

"கடிச்சா சக்கரை ஏறிடும்."

"ஏறட்டும்னுதான் அண்ணா சொல்றேன்."

தலையை ஆட்டி மறுத்தார். கண் சொருக ஆரம்பித்தது. அமுலு அவர் முகவாயை இரண்டு கையாலும் பிடித்தார். "யோவ், நீ இல்லாம நான் இன்னாய்யா பண்ணுவேன். கடி."

கடித்தார். காற்றையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, மேலும் இரண்டு. அலை தட்டத் தட்ட படகு சும்மா மிதந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் குறைந்து, அவர் எங்களை அடையாளம் தெரிந்த மாதிரி பார்த்தார். முதலில் அமுலுவின் முடிச்சைப் பார்த்தார்.

"இது எத்தினி நாளா நடக்குது?" என்றார்.

அமுலு எஞ்சினைக் கிளப்பினார். கரை சேரும்வரை படகை அவரே ஓட்டினார். இறங்கியதும் அண்ணனுக்கு முதல் வேலையாக இட்லி வாங்கிக் கொடுத்தோம்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். காயம் ஆறியது, விரல் பிழைத்தது. வேளைக்குச் சாப்பிட ஆரம்பித்தார். படகில் பைச் சோதனை நின்றது. வீட்டுக்கு ஒரு புது சர்க்கரை டப்பா வந்தது, அமுலுவின் டீக்கு மட்டும்.

பிறகு எனக்கு அனுப்பம்பட்டுப் பக்கம் மாற்றலாகிவிட்டது. போன வருடம் என் ரத்தத்திலும் சர்க்கரை தெரிந்தது. அமுலுவிடம் போனில் பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தினமும் காலையில் போன் வருகிறது. பின்னால் எஞ்சின் சத்தம், முன்னால் வேர்க்கடலை மெல்லும் சத்தம்.

"நர்சம்மா, மாத்திரை போட்டியே, சாப்ட்டியா?"

அதற்குள் நான் சாப்பிட்டு முடித்திருப்பேன். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்கிற வரைக்கும் தட்டைக் கழுவ எழுந்திருப்பதில்லை.