உன் வண்டிக்குப் பொட்டு வைத்த விவரம்

செங்காங், சிங்கப்பூர்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி இளமாறனுக்கு,

அக்கா சிவகாமசுந்தரி எழுதுவது. இங்கு நான் நலம். உன் வண்டியும், முன்கண்ணைத் தவிர, நலமாகத்தான் இருக்க வேண்டும். இன்று பத்து மணிக்குக் கிரேன் லாரி வந்து தூக்கிய பிறகு உறுதியாகச் சொல்ல முடியும். கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தருகிறவர்கள் சொன்ன தேதிக்குத் தந்தார்களா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் நீ எழுதத் தேவையில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை கோபப்படாமல் இருந்தால் போதும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் நான் விளக்கம் கொடுப்பேன், நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய், கடைசியில் தப்பு யார்மேல் என்பது இருவருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் நாளை ஊருக்குப் புறப்படும் எங்கள் ஆய்வகத்து முத்துராமன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வண்டியைப் பார்க்க வரும் இரண்டு பேருக்குக் காக்கி புக்கிட்டில் உள்ள உன் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிட வேண்டும், சாவியைக் கொடுக்க வேண்டும், ஓரமாக நிற்க வேண்டும். காட்டைக் காவல் காக்கிறவர்களுக்கு வண்டி வாங்கித் தருகிற கம்பெனி, அவர்கள் சரி என்றால் நூறு வண்டி, இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பை மூட வேண்டியதுதான் என்று சொன்னாய். பதினான்கு பக்கக் குறிப்பு ஒன்றும் கொடுத்தாய். 'பத்து ஆண்டுகளில் காட்டுப்பாதை மோட்டார் சைக்கிள்' என்று தலைப்பு. முதல் பக்கத்தைப் படித்தேன். இனி வரும் வண்டிக்கு இன்ஜின் சத்தம் இருக்காது, கியர் இருக்காது, இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், நின்றாலும் சாயாது, முன்னால் இருக்கும் கண்ணாடிக் கண் பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளத்தை முன்கூட்டியே பார்த்து ஸ்பிரிங்கை இளக்கி வைக்கும் என்று எழுதியிருந்தாய். சத்தமில்லாமல் போனால் யானைக்கு எப்படித் தெரியும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். ஆதாரம் காட்டாத நான்கு வாக்கியங்களுக்கு அடிக்கோடு போட்டேன். அதோடு மூடி வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக உணவு ஆய்வகத்தில் மற்றவர்கள் கொண்டுவரும் தாளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. முதல் பக்கத்திலேயே குறை கிடைத்துவிட்டால் நான் இரண்டாம் பக்கம் போவதில்லை. ஒன்பதாம் பக்கம்வரை போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. ஒவ்வொரு வருடமும் நீ துளைபோடும் மெஷினிலிருந்து ஸ்பேனர்வரை ஒன்றுவிடாமல் பொட்டு வைப்பாய். இந்த வருடம் நீ இல்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் உன் பிழைப்பே அந்த மூன்று மணியை நம்பி நிற்கும்போது உன் சாமான்கள் வெறும் நெற்றியோடு கிடப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. உன் வேலைக்காக இதுவரை நான் ஒன்றும் செய்ததில்லை, இதையாவது செய்வோம் என்று லீவு போட்டுவிட்டுத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். பூக்கடை மோகனப்பிரியா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காருக்கா, லாரிக்கா?"

"பைக்குக்கு."

"நீங்களா ஓட்டுறீங்க?"

"தம்பியோடது. காட்டுல ஓட்டுறது."

"சிங்கப்பூர்ல ஏதுங்க காடு?"

அதைத்தான் நான் பத்து வருடமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. மாலையும் எலுமிச்சம்பழமும் கட்டிக் கொடுத்தார். சந்தனம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாததைப் பார்த்து, "மொத தடவையா? முன்னால லைட்டு இருக்குல்ல, அது மேல கெட்டியா அப்பி, நடுவுல குங்குமம் வைங்க. சும்மா விரல்ல தொட்டு வைக்காதீங்க, மழையில போயிரும் லா" என்றார். ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நானும் அப்படியே கெட்டியாக அப்பினேன். அது லைட் இல்லை. லைட் அதற்குக் கீழே இருந்தது.

நடந்ததை முதலிலிருந்து அப்படியே சொல்லிவிடுகிறேன். வண்டியை ஈரத்துணியால் துடைத்தேன், அப்போது ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், சத்தம் போடாத வண்டி விழித்துக்கொண்டதா இல்லையா என்று யாருக்குத் தெரியும், மாலை போட்டேன், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன், சூடம் காட்டினேன், சாவியும் ஆயுதம்தானே என்று அதைப் பூஜைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்து யூனிட்டில் பைக் ரிப்பேர் பார்க்கும் இப்ராஹீமுக்குச் சுண்டல் கொடுக்கலாமென்று வெளியே நடந்தேன். பின்னால் எலுமிச்சம்பழம் நசுங்கியது. எலிதான் என்று நினைத்தேன். வாசலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த இப்ராஹீம் மெதுவாக எழுந்து நின்றார்.

"அக்கா, பயப்படாதீங்க. உங்க பின்னால வண்டி வருது."

"யார் ஓட்டுறா?"

"யாரும் ஓட்டல."

ஏற முடியாத சரிவில் ஓட்டுகிறவர் இறங்கி நடந்தால் சாவி போகிற பக்கம் வண்டியும் பின்னாலேயே வரும் என்பது ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறதாம். இப்ராஹீம்தான் பிறகு சொன்னார். அவர் பதினான்கு பக்கமும் படித்திருக்கிறார். நான் நின்றேன், அது நின்றது. நடந்தேன், நடந்தது. கண்ணில் சந்தனம் அப்பியிருந்ததால் ஆழமான சேற்றில் மாட்டிக்கொண்டதாக நினைத்து ஸ்பிரிங்கில் ஒரு சாண் உயரம் எழும்பி, மாலை ஆட ஆட வந்தது. "ஓடாதீங்கக்கா, நீங்க ஓடினா அதுவும் ஓடும்" என்று அவர் சொல்வதற்குள் நான் ஓடிவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், புடவையில், கையில் சூடத்தட்டோடு, அங்கே நிறுத்தி வைத்திருந்த லாரியை இரண்டு சுற்று சுற்றினேன். "சாவியத் தூக்கிப் போடுங்க" என்று கத்தினார். போட்டேன். எங்கே போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பின்பக்கக் கால்வாயில் போய் விழுந்தது. வேலிக்கதவு திறந்திருந்தது. உன் வண்டி வேலியைத் தாண்டி, சரிவான சிமெண்டுக் கரையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் சாவி விழுந்த இடத்தில் போய் நின்றுகொண்டது.

மூன்று மணிக்கு வர வேண்டிய இரண்டு பேரும் இரண்டரைக்கே வந்து வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் ஜப்பான்காரர். இன்னொருவர் அனுப்ரியா என்ற நம் தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும், கையில் பைல்.

"இது டெமோவாங்க மேடம்?"

"இல்லை."

"அப்ப ஆக்சிடென்டா?"

"பூஜை."

அதை எழுதிக்கொண்டார். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "நீங்க அவரோட அக்கா. லேப்ல வேற இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, இந்த வண்டிய நம்பி ஒரு ஆள காட்டுக்குள்ள அனுப்பலாமா?" நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "போதிய ஆதாரம் இல்லை." அவர் அதையும் எழுதிக்கொண்டார். கடிதம் போடுகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள்.

இளமாறா, வண்டி கால்வாயில் இறங்கியதற்காக நான் வருந்தவில்லை. வருந்துகிறேன், ஆனால் அதற்காக இந்த நீளத்தில் எழுத மாட்டேன். கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்த அன்று, குவீன்ஸ்டவுன் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முதல் வரைபடத்தை எடுத்து என்னிடம்தான் காட்டினாய். அன்றும் இதே மூன்று வார்த்தையைத்தான் சொன்னேன். நீ தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரசம் ஊற்றச் சொன்னாய். அதற்குப் பிறகு இந்தப் பத்து வருடத்தில் மழை, வெயில், சாப்பாடு, அம்மாவின் முழங்கால், இவற்றைத் தவிர நீ என்னிடம் எதுவும் பேசியதில்லை. முதல் தடவையாக ஓர் உதவி கேட்டாய். அதில் நான் செய்தது இது. ஆதாரம் போதாது என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பதினான்கு பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் படித்தவளுக்கு எந்த ஆதாரம்தான் போதும்.

நேற்று அதன் பிறகு ஒரே மழை. யாரும் கீழே இறங்க முடியவில்லை. இப்ராஹீம் மேலே இருந்தபடியே கயிற்றைச் சுருக்குப் போட்டு வீசி, வண்டியை வேலியோடு கட்டி வைத்திருக்கிறார். இந்த வண்டியை இனி நான் கையால் தொடுவதில்லை. அவர்கள் கடிதம் என்ன சொல்லும் என்பது உனக்கும் தெரியும். ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் ஆசிரியர் வேலை காலியாக இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அதைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும். வருத்தத்தை வேறு எப்படித் தெரிவிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளியே தண்ணீர் குடிக்காதே. எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று, கேட்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
சிவகாமசுந்தரி

பின்குறிப்பு, சனிக்கிழமை மாலை: படிவத்தை நீ நிரப்ப வேண்டாம். கடிதத்தை முடித்த பிறகு எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து மீதிப் பதின்மூன்று பக்கத்தையும் படித்தேன். கால்வாயில் தண்ணீர் வடிந்திருந்தது. வண்டி மாலையும் சந்தனமுமாக, சாயாமல், விட்ட இடத்திலேயே நின்றது. இப்ராஹீம் "எறங்காதீங்கக்கா, கிரேன் வருது லா" என்றார். நான் இறங்கி, முன்சக்கரத்தடியில் சேற்றைத் துழாவிச் சாவியை எடுத்து, அவரைக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, ஏணி வழியாக மேலே வந்து நடந்தேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. "நிக்காதீங்கக்கா, நடங்க" என்றார். இருபது அடி நடந்து திரும்பிப் பார்த்தேன். அந்தக் கரையில் ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்ட, எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. கிரேன்காரர் என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். இப்ராஹீம் போனில் எடுத்த படத்தை அனுப்ரியாவுக்கு அனுப்பி, நேற்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன், ஆதாரம் இணைத்துள்ளேன் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம். படிவத்தின் பின்பக்கத்தில் உன் வண்டியைப் பற்றி முப்பத்தொரு கேள்வி எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. வந்து பதில் சொல்லிவிட்டு வாங்கிக்கொள். யானை விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் திருப்தியில்லை.