கீழ வைக்க இடமில்லாத கண்ணாடி

போன வாரம் ஒரு நாள் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு போட்டோ எடுக்கணும்.

நான் தாம்பரம் பக்கத்துல, முடிச்சூர் ரோட்டுல ஒரு கண்ணாடி ஃபேக்டரில அட்மின். பெரிய பெரிய ஷீட்டா கண்ணாடி வரும். அதை வெட்டி, ஓரம் தேச்சு, ஓட்டை போட்டு, சூடு பண்ணி கெட்டியாக்கி, அதாவது டஃபன் பண்ணி, அனுப்புவோம். "அனுப்புவோம்"னா நான் இல்லை. நான் மெயில் அனுப்புவேன்.

அதுலயும் முக்கியமா பாதுகாப்பு மெயில். "கண்ணாடியைத் தரையில் வைக்காதீர்." "ஸ்டாண்டில் ரப்பர் மேல் சாய்த்து வைக்கவும்." எல்லாம் நான் எழுதினதுதான். செவுரு பூரா ஒட்டி வச்சிருக்கேன். நாலு வருஷத்துல முகம் பாக்கிற கண்ணாடியைத் தவிர வேற எதையும் தொட்டதில்லை.

மறுநாள் ஒரு பெரிய பில்டர் கம்பெனிலேர்ந்து சேஃப்டி பாக்க ஆள் வர்றதா இருந்தது. போன தடவை வந்தவர், நான் நெட்லேர்ந்து எடுத்து ஒட்டின போஸ்டரைப் பாத்துட்டு, "மேடம், உங்ககிட்ட வெள்ளைக்காரங்க வேலை பாக்குறாங்களா?"ன்னு கேட்டார்.

அதுலேர்ந்து எங்க ஓனர் காதர் சாருக்குத் தூக்கம் போச்சு.

"பர்வீன், இந்த தடவை நம்ம ஃபேக்டரி, நம்ம ஆளு, நம்ம கண்ணாடி. போட்டோ நானே எடுக்கிறேன்!"

சரி சார்னு நானும் முழு மூச்சா இறங்கிட்டேன். மூலையில கிடந்த தெர்மாகோல், அட்டை, மரக்கட்டை, கிழிஞ்ச ரப்பர் ஷீட்டு எல்லாத்தையும் அள்ளி காயலாங்கடைக்கு அனுப்பினேன். கண்ணாடி ஏத்தி இறக்குற டீமுக்கு லீடர் ஏகாம்பரம் அண்ணா ஓடி வந்தார்.

"மேடம், அது வோணும் மேடம்!"

"அண்ணா, ஆடிட் வருது. பாக்க அசிங்கமா இருக்கு."

அடுத்து பெயின்டர் மணி அண்ணா. கண்ணாடி சாய்க்கிற இரும்பு ஸ்டாண்டு எல்லாம் துருப்பிடிச்சு இருந்தது. "எல்லாத்துக்கும் மஞ்சள் அடிங்க. ஒண்ணு கூட விடக் கூடாது."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட!"

இவ்ளோ தெளிவா நான் என் வாழ்க்கையில வேற எந்த ஆர்டரும் போட்டதில்லை.

போட்டோவுக்கு யார் நிக்கிறதுன்னு ஒரு பேச்சு வந்தது. நியாயமா ஏகாம்பரம் அண்ணா டீம்தான். ஆனா அவங்க யூனிஃபார்ம் எல்லாம் அழுக்கு. "யூனிஃபார்ம் அழுக்கா இருக்கிறவங்க ஃப்ரேமுக்குள்ள வராதீங்க"ன்னு நானே என் வாயால சொன்னேன்.

சேல்ஸ்ல இருக்கிற தினேஷ் முன்னாடி வந்து நின்னான். ஜிம்முக்குப் போறவன். சட்டைக் கையை ரெண்டு மடிப்பு எக்ஸ்ட்ரா மடிச்சுக்கிட்டான். "என்னைப் போடுங்க சார். நமக்கு இதெல்லாம் அசால்ட்டு."

"இன்னொரு பக்கம் பர்வீன் நிக்கட்டும்"னார் சார். "லேடீஸ் இருந்தா கம்பெனிக்கு ஒரு மதிப்பு."

மதிப்புன்னு சொன்னதும் நான் விழுந்துட்டேன்.

முதல்ல ஒரு சின்ன பிளெயின் கண்ணாடி குடுத்தாங்க. சார் போன்ல பாத்துட்டு, "என்னம்மா இது, கண்ணாடியே தெரியலை! ரெண்டு பேரும் சும்மா கையை நீட்டிட்டு நிக்கிற மாதிரி இருக்கு!"

பிளெயின் கண்ணாடின்னா அப்படித்தான் சார் இருக்கும். வேலையே அதுதான்.

அதனால பிரவுன் கண்ணாடி ஒண்ணை எடுத்தாங்க. சேலையூர் கஸ்டமர் ஒருத்தரோட ரிசப்ஷன் தடுப்பு. ஓட்டை போட்டு, டஃபன் பண்ணி, சாயந்திரம் வண்டி ஏறத் தயாரா இருந்தது. மறுநாள் அவங்களுக்குத் திறப்பு விழா. டஃபன் பண்ணினதை மறுபடி வெட்ட முடியாது. நடுவுல குத்தினா தாங்கும். மூலை தரையில இடிச்சா மொத்தமும் கல்கண்டு மாதிரி கொட்டிடும். இதுவும் என் மெயில்லதான் இருக்கு.

தலையில ஹெல்மெட்டை மாட்டி, ஆளுக்கு ஒரு கப்பு குடுத்தாங்க. அதாவது காத்தை உறிஞ்சி கண்ணாடில ஒட்டிக்கிற கைப்பிடி. எனக்குக் குடுத்த கிளவுஸ்ல என் கை மாதிரி ரெண்டு கை போகும். ஏகாம்பரம் அண்ணா ஆளுங்க தூக்கி எங்க கையில குடுத்துட்டு, ஃப்ரேமை விட்டு மரியாதையா டீக்கடைக்குப் போயிட்டாங்க.

சார் போனைத் தூக்கினார். இறக்கினார்.

"பின்னாடி அந்த ஸ்டாண்டு அசிங்கமா இருக்கே. மணி, அதை வெளிய தள்ளுப்பா!"

பெயின்ட் அடிக்காம மிச்சம் இருந்த ஒரே ஸ்டாண்டு. மத்ததெல்லாம் ஏற்கெனவே வெளிய ஈரமா காஞ்சுக்கிட்டு இருந்தது. மணி அண்ணா கடகடன்னு உருட்டிட்டுப் போனார். நான் சிரிச்ச முகமா வழியனுப்பி வச்சேன்.

கிளிக். "தினேஷ், தலையைத் தூக்கு." கிளிக். "பர்வீன், கண்ணை மூடாதே." கிளிக். "சிரிங்கப்பா, ஹெல்மெட்டு சந்தோஷமா தெரியணும்." ஹெல்மெட்டு எப்படி சார் சந்தோஷமா தெரியும்?

கடைசியா, "சூப்பர்! போதும். கீழ வைங்க"ன்னார்.

நானும் தினேஷும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம்.

"எங்க சார்?"

சார் இந்தப் பக்கம் பாத்தார். அந்தப் பக்கம் பாத்தார். வெட்டுற மேஜை மேல முழு ஷீட்டு ஒண்ணு படுத்திருந்தது. மத்தபடி ஃபேக்டரி அப்படியே கல்யாண மண்டபத்தைக் கழுவி விட்ட மாதிரி இருந்தது.

"மணி! ஸ்டாண்டைக் கொண்டா!"

வாசல்லேர்ந்து குரல் வந்தது. "அதுக்கும் அட்ச்சிட்டேன் சார்! ஈரமா கீது!"

"அதுக்குள்ளயா?"

"மேடம் ஒண்ணு கூட வுடாதன்னு சொல்லிச்சே!"

"தரையில ஏதாவது போட்டு வைக்கலாம் சார். ஒரு அட்டை, ஒரு கட்டை"ன்னான் தினேஷ்.

அட்டையும் கட்டையும் காலையிலயே காயலாங்கடைக்குப் போயிடுச்சுன்னு நான் சொல்லலை. சார் மூஞ்சியைப் பாத்தா அவருக்கே ஞாபகம் வந்துடுச்சுன்னு தெரிஞ்சது.

எனக்கு நேரெதிர் செவுத்துல நான் ஒட்டின நோட்டீஸ். "கண்ணாடியைத் தூக்கும் முன், வைக்கும் இடத்தை உறுதி செய்யவும்." கீழ என் பேரு, பதவி, கையெழுத்து.

"அக்கா, எனக்கு தோள்பட்டை இழுக்குது"ன்னான் தினேஷ்.

"டேய், நீதானே ஜிம்முக்குப் போறே?"

"ஜிம்ல கீழ வச்சுடலாம்கா!"

அப்பதான் என் கப்பைக் குனிஞ்சு பாத்தேன். பட்டன் பக்கத்துல மெல்லிசா ஒரு செவப்புக் கோடு. செவப்புக் கோடு வந்தா காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம், பிடி விட்டுடும். அதைப் பத்தி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கேன். நேர்ல பாக்கிறது அன்னைக்குத்தான் முதல் தடவை.

"சார்! செவப்பு! செவப்பு வருது!"

"யா அல்லாஹ்! யாராவது ஓடி வாங்கப்பா!"

ஏகாம்பரம் அண்ணா டீ கிளாஸோட வந்தார். நேரா வந்து, போட்டோ ஃப்ரேமுக்காகத் தரையில போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டார்.

"இன்னா மேடம், சிலையாட்டம் நின்னுகினு கீறீங்க?"

"அண்ணா, பிடிங்கண்ணா!"

"ஃப்ரேமுக்குள்ள வரலாமா? யூனிஃபார்ம் அழுக்கா கீதே."

"அண்ணா, உங்க கால்ல விழறேன்!"

"வுழாத மேடம். கண்ணாடி கீது கையில."

நிதானமா டீயைக் குடிச்சு முடிச்சார். கிளாஸை ஓரமா வச்சார். அப்புறம் வந்து என் பக்கத்தை வாங்கிக்கிட்டார்.

வேற வழியில்லை. மணி அண்ணா ஈர ஸ்டாண்டையே உருட்டிட்டு வந்தார். "ரப்பர் மேல வைங்க, அங்க பெயின்ட் இருக்காது"ன்னேன், தெரிஞ்ச மாதிரி.

"ரப்பருக்கும் அட்ச்சிட்டேன் மேடம்."

கண்ணாடி சப்புன்னு ஒட்டி உக்காந்தது. உடையலை. அது போதும்னு நான் அங்கயே தரையில உக்காந்துட்டேன். ஸ்டாண்டு மேல சாஞ்சுதான் உக்காந்தேன்கிறது, வீட்டுக்குப் போய் துப்பட்டாவைக் கழட்டினப்பதான் தெரிஞ்சது.

சாயந்திரம் வரைக்கும் நானும் தினேஷும் பிளேடு, தின்னர் வச்சு சுரண்டினோம். வண்டி ஏறிடுச்சு. மறுநாள் காலையில திறப்பு விழா முடிஞ்ச கையோட கஸ்டமர் போன் பண்ணினார். அவர் பல் டாக்டர்.

"மேடம், ஓரத்துல மஞ்சளா கறை இருக்கே?"

"தேச்சா போயிடும் டாக்டர்."

"எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க"ன்னு வச்சுட்டார்.

அன்னைக்கே ஆடிட்டரும் வந்தார். செவுத்துல பெருசா நானும் தினேஷும், கையில பிரவுன் கண்ணாடி. ரொம்ப நேரம் பாத்தார். "வெரி குட். கண்ணாடியை எவ்ளோ பயபக்தியா பிடிச்சிருக்காங்க பாருங்க!"ன்னு சொல்லி முழு மார்க் போட்டுட்டு, ஸ்டாண்டு பக்கமே போகாம காபி குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

அவர் கார் கேட்டைத் தாண்டினதும் ஏகாம்பரம் அண்ணா ஆபீஸுக்குள்ள தலையை நீட்டினார். "மேடம், இன்னிக்கு போட்டோ இன்னும் எதுனா கீதா? இல்லன்னா சொல்லு, லோடு எறக்கணும்."

இல்லண்ணான்னு சொன்னேன். சத்தமில்லாம முழு லோடும் இறங்கிச்சு. போட்டோ எடுக்காத நாள்ல எங்க ஃபேக்டரி ரொம்பப் பாதுகாப்பானது.