பாலம் வருது, கூடவே வாங்க

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர், வளர்ந்தவர், வாடகைக்கு வந்தவர் யாராக இருந்தாலும் சரி, என்றைக்காவது ஒரு நாள் பாலம் அண்ணனின் வேனில் ஏறித்தான் ஆக வேண்டும். டத்தோ பட்டக்காரர், டாக்டர், பால்காரர் என்ற பேதமெல்லாம் அந்த வேனுக்குக் கிடையாது. நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். உயிரோடு ஏறினேன். அதுவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மடியில் தாலியை வைத்துக்கொண்டு.

அது சவ வண்டி. வெள்ளை வேன், பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு, பின்கண்ணாடியில் ஊதாத் திரை. அதை ஓட்டியவரின் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கலாம், வேறெங்கும் இல்லை. ஆரம்பத்தில் ஒரு சீன முதலாளியிடம் வேலை பார்த்தாராம். சீனர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழியில் ஆறு குறுக்கிட்டால், பெட்டியில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் பாலத்தைத் தாண்ட வேண்டும். சொல்லாவிட்டால் உடல் அக்கரைக்குப் போய்விடும், ஆள் இக்கரையிலேயே நின்றுவிடுவார். நம்மவர் தனியாகத் தொழிலுக்கு வந்த பிறகு அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டார். எந்தப் பாலம் வந்தாலும் வேகத்தைக் குறைப்பார், தலையைப் பின்னால் திருப்புவார், "பாலம் வருது, கூடவே வாங்க" என்பார். பாலம் அண்ணன் ஆனது அப்படித்தான்.

இதில் யாருக்கும் ஆட்சேபணை இருந்திருக்காது, பெட்டியில் இருப்பவரோடு நிறுத்திக்கொண்டிருந்தால். ஆனால் அண்ணனுக்கு இன்னொரு பழக்கம். வேன் காலியாகத் திரும்பும்போது சாலையோரம் யார் நின்றாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். பஸ்ஸைத் தவறவிட்டவர், டயர் வெடித்தவர், மழையில் மாட்டியவர், எல்லோரையும்.

ஒரு மழை மதியம் டெங்கில் பக்கம், செம்பனைத் தோட்டத்து பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் வராத பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள். அண்ணன் பின்கதவைத் திறந்துவிட, உள்ளே நீளமாக ஒரு தட்டு இருந்தது. அசதியில் ஒருவர் தட்டிலும் ஒருவர் தரையிலுமாகப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் தங்கியிருந்த மெஸ் வாசலில் வேன் நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறித்தார்கள். மெஸ் வாசலில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட அதை முழுசாகக் குடித்து முடிக்கவில்லை. "இந்த ஊர்ல சாமான் ஏத்துற வேன்லகூட படுக்கை வச்சிருக்கான்பா" என்று அந்த இருவரும் ஊருக்கு ஃபோன் போட்டுப் பெருமையாகச் சொன்னதை, பக்கத்தில் நின்று நானே கேட்டேன்.

இன்னொரு முறை காஜாங்கில் ரயிலைத் தவறவிட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர், மடிப்புக் கலையாத சட்டை. அவருக்கு வேன்கூடப் பெரிதாகப் படவில்லை. அண்ணன் அவரைக் கூப்பிட்ட முறைதான் பிடிக்கவில்லை.

"ஏறு தம்பி" என்றிருக்கிறார்.

"நான் உமக்குத் தம்பியோ? எழுபத்தெட்டு வயசு எனக்கு!"

"உசுரோட இருக்கீங்கல்ல? அப்ப தம்பிதான்."

அண்ணனின் கணக்கு அப்படி. செத்தவர்கள் எல்லோரும் நமக்கு முன்னால் போனவர்கள், ஆகவே மூத்தவர்கள். பச்சைக் குழந்தையாக இருந்தாலும் அது அண்ணன் அல்லது அக்கா. உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் தம்பி, தங்கச்சி. பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார். கேட்டில் சவ வண்டி நின்றதைக் கண்ட அவர் மனைவி, "ஐயோ, என்னை விட்டுட்டுப் போட்டியளே!" என்று ஓடிவர, பெரியவர் முன்சீட்டிலிருந்து ஒரு சுட்ட கறிப் பொட்டலத்தோடு இறங்கி, "நான் சாகேல்லையப்பா, சாத்தே வாங்கிக்கொண்டு வந்தனான்" என்றாராம்.

இதையெல்லாம் ஊரே சொல்லிச் சிரித்தது. சிரித்ததே தவிர, அண்ணன் எதிரே வந்தால் எல்லோரும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவோம். நானும்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

என் தம்பிக்குக் கல்யாணம். கிள்ளானில் ஒரு கோயிலில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு அதே மண்டபத்தில் அடுத்த கல்யாணம், நகரச் சொல்லிவிடுவார்கள். அம்மா எனக்குக் கொடுத்திருந்த ஒரே வேலை, தாலியைப் பத்திரமாகக் கொண்டு வருவது. நான் பத்திரத்துக்கு மேல் பத்திரமாக, கிளம்பும் முன் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். தாலி சாமியிடமே இருந்தது.

கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஞாபகம் வந்தது. யாரிடமும் மூச்சு விடாமல், காரை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி ஓடினேன். எடுத்தேன். மறுபடி கிள்ளானை நோக்கி வரும்போது, ஷா ஆலாம் தாண்டிக் கார் ஆவி விட்டு நின்றது. மணி எட்டரை.

அது புகைமூட்டக் காலம். எங்கோ காடு எரிய, இங்கே சூரியன் குங்குமப் பொட்டு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அம்மாவுக்கு ஃபோன் அடித்தேன், நாதஸ்வரத்துக்கு நடுவே யார் எடுப்பார்கள்? வாடகைக் கார் கூப்பிட்டேன். நடு ஹைவே என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வருகிற கார்களுக்குக் கை காட்டினேன். ஒருவர் விடாமல் வேகத்தைக் கூட்டினார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு காரின் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். சிவப்புப் பட்டு, தலை முழுகி விரித்த கூந்தல், அதில் முழம் முழமாக மல்லிகை, புகைக்காக முகத்தில் வெள்ளை மாஸ்க். நானாக இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மூன்று முடிச்சில் மூன்றாவதை நாத்தனார் போட வேண்டும். நாத்தனார் நான். அங்கே தாலியும் இல்லை, முடிச்சுப் போட ஆளும் இல்லை. பெண் வீட்டிலோ காக்கா கத்தினால்கூடச் சகுனம் பார்க்கிற கூட்டம். இன்றைக்கு இது நின்றால் நின்றதுதான், என் கவனக்குறைவால் என் தம்பி மணவறையிலிருந்து எழுந்து போக வேண்டும். சாலையோரம் நின்று நான் அழுதேன்.

அப்போதுதான் சத்தமே இல்லாமல் புகைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. என்னைக் கடந்து போனது, நின்றது, மெல்லப் பின்னால் வந்தது. கண்ணாடி இறங்கியது. பாலம் அண்ணன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"அக்கா" என்றார், நடுங்கிய குரலில். "நேத்து வந்த அக்காதானே? மன்னிச்சிடுங்கக்கா. பாலத்துகிட்ட வர்றப்ப ஃபோன் வந்துருச்சு, சொல்ல மறந்துட்டேன். இங்கதான் நிப்பீங்கன்னு தெரியும். காலைலேர்ந்து தேடுறேன்."

"அண்ணே, நான் சாகலண்ணே! கார் ரோசாக், நின்னுபோச்சு!"

அவர் நம்பவில்லை. "காலைக் காட்டுங்க."

புடவையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினேன். இரண்டு காலும் தரையில்தான் இருந்தன. உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்து எனக்கே நிம்மதியாக இருந்தது.

"அட, தங்கச்சி!" என்று பெருமூச்சு விட்டார். "ஏறு, ஏறு."

விஷயத்தைச் சொன்னேன். தாலி என்ற வார்த்தையைக் கேட்டதும் மனுஷன் கதவைப் பிடித்துக்கொண்டார். "தாலியா? என் வேன்லயா? வேணாம் தங்கச்சி, பாவம்லா. நான் வேற வண்டி நிறுத்தித் தரேன்." இறங்கிச் சாலையோரம் நின்று கை காட்டினார். ஒரு பேய் கை காட்டினாலே நிறுத்தாதவர்கள், பேயும் சவ வண்டியும் சேர்ந்து கை காட்டினால் நிறுத்துவார்களா?

"அண்ணே, தாலி போய்ச் சேரலன்னாதான் பாவம்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். ஒரு புதுத் துண்டை எடுத்து முன்சீட்டில் விரித்தார். "மடியிலயே வச்சுக்க. எங்கயும் கீழ வைக்காத."

ஏறி உட்கார்ந்தேன். மணி எட்டே முக்கால். அவரோ போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"பின்னால யாராச்சும் இருக்காங்களாண்ணே?" என்று கேட்டேன், திரும்பாமல்.

"இப்ப இல்ல. இனிமேதான் ஏறணும்." பிறகு, புகையைப் பார்த்து, மெதுவாக: "ஏறிக்குங்கக்கா. கல்யாண அவசரம், தங்கச்சியும் கூட வருது. கோவிச்சுக்காதீங்க."

வேன் லேசாக அமுங்கியது. லோரி ஏதாவது கடந்துபோன அதிர்வாக இருக்கலாம். லோரி எதையும் நான் பார்க்கவில்லை.

வழியில் சொன்னார். நேற்றைய அக்கா சுமங்கலி. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து கிள்ளான் வீட்டுக்குக் கொண்டு போனாராம். சிவப்புப் பட்டு, தலை நிறைய மல்லிகை, என்னைப் போலவே. நம் ஊரில் சுமங்கலியை அனுப்பும்போதும் கல்யாணத்துக்குப் போகும்போதும் ஒரே அலங்காரம்தானே? புகையில் அவர் குழம்பியதில் தப்பே இல்லை.

"பேய்னு நெனச்சும் நிறுத்துனீங்களா? பயமா இல்ல?"

"தூரத்துலேர்ந்து பார்த்தா உசுரோட நிக்கிறவங்களா, நான் விட்டுட்டுப் போனவங்களான்னு தெரியாது தங்கச்சி. அதான் யார் நின்னாலும் நிறுத்திடறது. நிக்கிறவங்கள நிக்க விட்டுட்டுப் போறதுதான் எனக்குப் பயம்."

ஊர் சிரித்த பழக்கத்துக்கு அதுதான் காரணம்.

கிள்ளான் ஆற்றுப் பாலம் வந்தது. ஆறு தெரியவில்லை, அக்கரையும் தெரியவில்லை. வெள்ளைக்குள் ஒரு சாலை மட்டும் போனது. அண்ணன் வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பினார். "அக்கா, பாலம் வருது. கூடவே வாங்க."

மல்லிகை வாசனை குப்பென்று வேனை நிறைத்தது. என் தலையில் இருந்த பூவாகத்தான் இருக்கும். ஆனால் அது அதுவரை ஏன் மணக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தாலி டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டேன். பாலம் முடிந்ததும், "அப்பாடா, வந்துட்டாங்க" என்றார் அண்ணன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வந்தா யாராச்சும் பார்ப்பாங்க. ஓடு." இறங்கிய வேகத்தில், பழக்க தோஷத்தில், "வரேண்ணே!" என்றேன்.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாத, சொல்லாத! என்கிட்ட யாரும் வரேன்னு சொல்லக்கூடாது. போறேன்னு சொல்லு!"

கல்யாணத்தன்று வாயைத் திறந்து "போறேன்" என்று சொன்ன ஒரே நாத்தனார் நானாகத்தான் இருப்பேன்.

மண்டபத்துக்குள் நுழையும்போது மணி ஒன்பதே முக்கால். ஐயர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான், மூன்றாவதை நான் போட்டேன். அம்மா என்னைத் தனியே இழுத்தார்.

"எதுல வந்த?"

"ஒரு அண்ணே லிஃப்ட் கொடுத்தாரும்மா. வேன்ல. பூ ஏத்துற வேன்." பொய் இல்லையே, பூவும் ஏற்றுவார்கள்.

"சாப்பிடச் சொல்லாமயா அனுப்புன? அறிவு இருக்காடி உனக்கு?"

வாழை இலையில் சாதம், மூன்று கறி, அப்பளம், பாயாசம் எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஓடினேன். போயிருப்பார் என்றுதான் நினைத்தேன். வேன் அங்கேயே நின்றது. பின்கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்காவ வீட்டு வாசல்ல எறக்கிட்டு வந்துட்டேன். கட்டியாச்சா?" என்றார்.

"கட்டியாச்சுண்ணே."

தலையை ஆட்டினார். பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, பாயாசத்தை முதலில் குடித்தார். "கல்யாணச் சாப்பாடு" என்றார். அவரை யாரும் எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் அவர் எதிரே வந்தால் நான் தெருவைக் கடப்பதில்லை. நின்று பேசுவேன். கிளம்பும்போது மறக்காமல், "போறேண்ணே."

போன மாதம் பாலம் அண்ணன் இறந்தார். அவர் ஊரான கிள்ளானில்தான் தகனம். அவருடைய வேனிலேயே அவரை ஏற்றினார்கள். புது டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும், காதில் ஹெட்செட். பெண்கள் போகக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

"எங்கக்கா போகணும்?" என்றார் டிரைவர். அக்கா என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நல்ல வெயில். ஆறு பளிச்சென்று தெரிந்தது. பாலம் வந்தது, டிரைவர் வாயே திறக்கவில்லை. நான் திரும்பினேன், அந்த வேனில் முதல் தடவையாக.

"அண்ணே, பாலம் வருது. கூடவே வாங்க."

"யார்கிட்டக்கா பேசறீங்க?"

"மெதுவா போங்க தம்பி. அண்ணே வந்துட்டிருக்காரு."

தகனம் முடிந்தது. இழவு வீட்டு வழக்கப்படி எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தார்கள். நான் மட்டும் வேனுக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, "வரேண்ணே" என்றேன். இந்த முறை அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.