பிறப்புச் சான்றிதழ் எங்கே சார்?

"பிறப்புச் சான்றிதழா? யோவ் வென்டல், நான் யாருன்னு உனக்குத் தெரியாதா?"

மாநிலச் சட்டமன்ற வாசலில் ஆளுங்கட்சித் தலைவர் தார்ன்குவிஸ்ட் பனியில் நின்று குதித்தார்.

"நல்லாத் தெரியும் சார். உங்க பேரன் பேருகூடத் தெரியும். ஆனா ஆளுநர் உத்தரவு கதவுலயே ஒட்டியிருக்கு பாருங்க. அமெரிக்காவுல பொறந்த சான்றிதழ், இல்லைன்னா அமெரிக்கப் பாஸ்போர்ட். ரெண்டும் இல்லாதவங்க அரசாங்கக் கட்டடத்துல கால் வைக்கக் கூடாது."

"அந்த உத்தரவுக்குக் கைதட்டினவனே நான்தான்யா!"

"படிச்சுப் பாத்தீங்களா சார்?"

"கைதட்டறதுக்கு எதுக்குய்யா படிக்கணும்?"

வாயிற்காவலன் வென்டலுக்கு அந்த உத்தரவு பிடிக்கவில்லைதான். கேன்டீன் ரோசால்பா இருபத்திரண்டு வருஷமாக இங்கே சமைக்கிறாள்; கையில் இருப்பது கிரீன் கார்டு மட்டும். விடியுமுன்னே உள்ளே வந்துவிட்டதால் இன்றைக்குத் தப்பித்தாள். நாளைக்கு அவளை அவனே தடுக்க வேண்டும். என்ன செய்ய, முப்பது வருஷ வேலையில் ஒரு விதியைக்கூட மீறாத மனுஷன்.

இருந்தது ஒரே வழி. ஆளுநர் போட்ட உத்தரவைச் சட்டமன்றத்தின் இரண்டு அவையும் வேண்டாமென்றால் அது செல்லாது. மேலவை நேற்றே தள்ளிவிட்டது. கீழவையில் இன்றைக்குப் பத்து மணிக்கு ஓட்டு. ஆனால் அங்கே நாற்பது பேரில் இருபத்திரண்டு பேர் தார்ன்குவிஸ்ட் ஆட்கள். எங்கே தேறப்போகிறது?

எதிர்க்கட்சிக்காரர்கள் பதினெட்டுப் பேரும் சபையில் ஆட்டி ஆட்டிக் கத்துவதற்கென்றே சான்றிதழும் கையுமாக வந்திருந்தார்கள். காட்டிவிட்டு ஜம்மென்று உள்ளே போய்விட்டார்கள். ஆளுங்கட்சியில், வென்டல் காவலுக்கு வருமுன்னே டிபனுக்காக வந்துவிட்ட ஐந்து பேர் மட்டும் உள்ளே. மீதிப் பதினேழு பேரும் வாசலில்.

பாவம் பார்த்து வென்டல் ஆளுநர் அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"உத்தரவுன்னா உத்தரவுதான். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது" என்று ஒரு பெண் பட்டென்று வைத்துவிட்டாள்.

"அப்போ வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடுங்களேன்" என்றான். பதினாறு கார்கள் பறந்தன. தார்ன்குவிஸ்ட் மட்டும் மனைவியை வரவழைத்தார். அந்த அம்மாள் மூச்சிரைக்கக் கொண்டுவந்த உறையைப் பிரித்தால், வீட்டு நாய்க்கு ஊசி போட்ட சான்றிதழ்!

வென்டல் அதையும் கண்ணாடி போட்டுப் படித்தான். "நாய் இந்த ஊர்லதான் பொறந்திருக்கு சார். அதை வேணா உள்ளே விடலாம்."

மணி பத்து. வீட்டுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. இருபத்தொரு பேர் இருந்தால் சபை நடக்கும். இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். பதினெட்டுக்கு ஐந்து. உத்தரவு ஒழிந்தது.

வென்டல் கேன்டீனுக்குப் போய்த் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம்.

"என் வேலை போச்சு ரோசால்பா! ஆனா நான் தப்புப் பண்ணலை. கதவுல இருந்ததை அட்சரம் பிசகாம செஞ்சேன்."

ரோசால்பா சூடான காப்பியை அவன் கையில் திணித்தாள்.

"நீ அப்படித்தான் செய்வேன்னு தெரிஞ்சுதானேப்பா காலையில நீ வர்றதுக்கு முன்னாடியே, ஆளுநர் ஆபீஸ்லேர்ந்து வந்த உத்தரவுல முதல் பக்கத்தை மட்டும் கதவுல ஒட்டினேன்; 'நாளை முதல்'னு போட்டிருக்கற ரெண்டாம் பக்கம் என் ஏப்ரன் பையிலதான் இருக்கு!"