மைக்ரான் வைத்த சந்தனப் பொட்டு

உலகத்தில் எதுவுமே நேராக இல்லை என்று மனதார நம்பிய ஆள் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மைக்ரான்தான். ஒரகடத்தில் நான் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்த சின்னக் கம்பெனியில் அவர்தான் தரம் பார்க்கிறவர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு மைக்ரான். அந்த அளவில்தான் மனிதர் மூச்சே விடுவார்.

கேன்டீன் தோசையை வெர்னியர் அளவுகோலால் அளந்து, "நடுவுல மூணு மில்லி, ஓரத்துல ஒண்ணு. இதை எப்படி ஸ்வாமி நான் பாஸ் பண்றது?" என்று மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தவர் அவர். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர் பத்தாவது ஆளை ஏற்றியபோது, "க்ளியரன்ஸ் மைனஸ்ல போயிண்டிருக்கு" என்று எச்சரித்திருக்கிறார். "இன்னாது மைனஸு? தள்ளி குந்து சாமி" என்று பதில் வந்ததாம்.

தகட்டை அளப்பதென்றால் முதலில் அதை ஏசி அறையில் ஒரு மணி நேரம் ஆறப்போடுவார். அதுவரை யாரும் தொடக்கூடாது. கைச்சூட்டில் உலோகம் உப்பிவிடுமாம். ஒருமுறை முதலாளியே கை நீட்டியபோது புறங்கையில் லேசாக ஒரு தட்டு விழுந்தது. கம்பெனி முழுக்க அன்று அதுதான் பேச்சு.

இந்த மனிதரோடு சேர்ந்து மெஷின் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பேட்டரி வண்டிகளுக்குக் குளிர்விக்கும் செப்புத் தகடு செய்ய ஆர்டர் வந்திருந்தது. தகட்டின் நடுவில், தண்ணீர் ஓடுவதற்காகத் தலைமுடி அகலத்துக்குக் கோடு கோடாகப் பள்ளம் வெட்ட வேண்டும். ஆழம் ஐந்து மைக்ரானுக்கு மேல் தப்பக்கூடாது. நான் சேர்ந்து நாலே மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னா மெஷினுனு நீ சொல்லு, வாங்கிடலாம். சொதப்புச்சுனு வை, வூட்டுக்குப் போயிகினே இரு." கட்ட வேண்டிய வீட்டு வாடகை கண்முன்னே வந்து நின்றது.

விற்பனை ஆட்கள் வெல்வெட் பெட்டியில் மாதிரித் தகடுகளோடு வந்தார்கள். மைக்ரான் பெட்டியைத் திறக்கவே இல்லை. "ஸ்டூடியோவுல எடுத்த போட்டோவைப் பாத்து மாப்பிள்ளையை முடிவு பண்ணுவாளா? எங்க தகட்டுல வெட்டிக் காட்டுங்கோ" என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார்.

முதலில் லேசர். நீல வெளிச்சமும் வேகமும் பார்த்து முதலாளி சொக்கிப்போனார். மைக்ரான் பள்ளத்தின் ஓரத்தை நகத்தால் வருடி, "கரை உருகி உள்ள வழிஞ்சிருக்கு. தண்ணி எப்படி ஓடும்?" என்றார். அடுத்தது மின்பொறியால் அறுக்கும் கம்பி மெஷின். "கம்பி இந்த ஓரத்துல நுழைஞ்சு அந்த ஓரத்துல வரும். நமக்குக் கோடு நடுவுல ஆரம்பிச்சு நடுவுல முடியணும். கம்பி என்ன ஆகாசத்துலேர்ந்தா குதிக்கும்?" மைக்ரானின் இந்தக் கேள்வியில் அதுவும் போயிற்று.

மிச்சமிருந்தது, முடியைவிட மெல்லிய கத்தி சுழன்று செதுக்கும் மில்லிங் மெஷின். எனக்கு அதுதான் சரியென்று பட்டது. துணிந்து சிபாரிசு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் ஷோரூமில் வெள்ளிக்கிழமை காலை வெள்ளோட்டம். வெட்டிக் காட்ட வந்தவர் கோவில்பட்டிக்கார எஞ்சினியர். "பயப்படாதீங்க அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

தகடு வெட்டி முடிந்து, ஆறி, அளவுக்குப் போனது. ஒரு முனையில் கன கச்சிதம். மறுமுனையில் நாற்பது மைக்ரான் ஆழம் அதிகம். எஞ்சினியர், "இப்படி ஆவாதே அண்ணாச்சி, ஆவவே ஆவாதே" என்று மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாயா இது? லேசரே போட்டுருக்கலாம்ல?"

மைக்ரான் மட்டும் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாகப் போனார். திருப்பினார். மோந்து பார்த்தார். மனிதருக்கு முகம் செத்துப்போய்விட்டது.

அவர் வீட்டில் பெருமாள் கோயில் கைங்கர்யம். காலையில் கோயில் சந்தனத்தை டப்பியில் எடுத்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார். நல்ல காரியம் தொடங்குகிறதே என்று, யாரும் கவனிக்காதபோது மெஷின் மேடையின் மூலையில் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். அதன்மேலேயே தகடு உட்கார்ந்து, அந்தப் பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டதில் கத்தி அங்கே ஆழமாக இறங்கிவிட்டது.

கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்திருந்தால் ஆதாரம் போயிருக்கும். ஊரெல்லாம் குறை கண்ட மனிதரின் பெயரும் பிழைத்திருக்கும். என் வேலைதான் போயிருக்கும். அவர் நேரே வந்து, மஞ்சள் தெரிய தகட்டை முதலாளி முன்னால் நீட்டினார்.

"மெஷின் பேர்ல தப்பில்லை சார். இந்தப் பிள்ளையாண்டான் சிபாரிசு பேர்லயும் தப்பில்லை. நான்தான் வெச்சேன்."

"நீங்களா? என் கையையே தட்டி வுட்ட ஆளு நீங்க!" முதலாளி சிரிக்கத் தொடங்கியவர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேடையைத் துடைத்து மறுபடி வெட்டினோம். இரண்டு முனைக்கும் வித்தியாசம் இரண்டே மைக்ரான். மெஷின் வந்தது, என் வேலையும் நிலைத்தது.

அறிக்கையில் 'முதல் வெட்டு தவறியதன் காரணம்' என்ற இடத்தில், அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று 'தூசு' என்று எழுதினேன். மைக்ரான் அதைப் பார்த்து, "தூசுன்னா கழுவினாப் போயிடும் ஓய்" என்று அடித்துவிட்டு, 'சந்தனம்' என்று திருத்தினார். பக்கத்திலேயே, வைத்தவர் என்று போட்டுத் தன் முழுப்பெயரையும் முத்து முத்தாக எழுதினார். அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டதே அன்றுதான்.

என் வேலை நிரந்தரமான கடிதம் இப்போது எங்கே கிடக்கிறதென்று தெரியாது. அந்த அறிக்கையின் நகலை மட்டும் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறேன்.